புல்லரித்த இங்கிலீஷ்

எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்ற விஷயம் எனக்குத் தெரிவதற்கு முன்னாலேயே சிங்காநல்லூரில் ஒரு பட்டறை முழுக்கத் தெரிந்துவிட்டது. (இங்கிலாந்துக்கும் தெரிந்துவிட்டது. அந்த மானக்கேட்டைப் பின்னால் சொல்கிறேன்.) இங்கிலீஷ் தெரியாதவனால் யாருக்கும் கெடுதல் கிடையாது. அவன் பாட்டுக்கு எஸ், நோ, தேங்க்யூ என்று மூன்று சொல்லில் காலத்தை ஓட்டிவிடுவான். அரைகுறையாகத் தெரிந்து, அதிலும் தனக்கு முழுசாகத் தெரியும் என்று நம்புகிறவனைத்தான் கயிறு போட்டுக் கட்டிவைக்க வேண்டும். இருபத்திரண்டு வயதில் என்னை யாரும் கட்டிவைக்கவில்லை.

ஆனைமலையில் பி.காம். முடித்துவிட்டு, பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்ற பேரில் சிங்காநல்லூரில் ரங்கசாமி மாமா வீட்டில் தங்கியிருந்தேன். அம்மாவின் தம்பி. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் சின்ன மோட்டார் பம்ப் செய்யும் பட்டறை வைத்திருந்தார். பதினாறு பேர் வேலை செய்தார்கள். பரீட்சையில் நான் இரண்டு முறை கோட்டை விட்டிருந்தேன். இரண்டு முறையும் இங்கிலீஷில்தான். கோச்சிங் கிளாஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் ஒரு தடித்த புத்தகம் வைத்திருந்தான். ஒவ்வொரு சொல்லுக்கும் மூன்று கட்டம்: சொல், அது பிறந்த வேர், அதன் பொருள். ஒரு மணி நேரத்துக்கு மட்டும் இரவல் தந்தான். ஒரே ஒரு பாடத்தையாவது ஜெராக்ஸ் எடுத்துக்கொள்வோம் என்று ஓடினேன்.

ஜெராக்ஸ் கடைக்காரர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். "ஏனுங் தம்பி, இது பெரிய சைஸுங்க. மேலயும் சைடுலயும் கொஞ்சம் கட்டாகுமுங்க. பரவால்லீங்களா?"

"பரவால்லீங்க" என்றேன்.

எங்கள் பக்கத்தில் யார் என்ன கேட்டாலும் வாயிலிருந்து வருகிற முதல் சொல் அதுதான். காலை மிதித்துவிட்டு மன்னிப்புக் கேட்டாலும் பரவால்லீங்க. காபியில் சர்க்கரைக்குப் பதில் உப்பு விழுந்தாலும் பரவால்லீங்க. அன்றைக்கு அந்த ஒரு பரவால்லீங்கவில் கட்டானது என்னவென்றால், மேலே இருந்த பாடத்தின் தலைப்பும், ஓரத்தில் இருந்த பொருள் கட்டம் முழுவதும்.

கையில் மிஞ்சியது சொல்லும் வேரும்தான். வேறு எவனாக இருந்தாலும் திரும்பப் போய் நின்றிருப்பான். எனக்கோ, வேர் தெரிந்தால் போதும், பொருளை நாமே பிடித்துவிடலாம் என்று ஒரு ஞானம் பிறந்தது. 'அப்ஹார்' என்ற சொல்லுக்கு வேர்: மயிர் சிலிர்த்தல். அடடா, புல்லரித்துப் போவது! 'டிஸ்கஸ்ட்' என்றால் தனியே, சுவை. தனி ருசி, வேறென்ன? 'ரிலக்டன்ட்' என்றால் மல்லுக்கட்டுதல். விடாமல் பாடுபடுகிறவன். 'ரிபக்னன்ட்' என்றால் எதிர்த்துச் சண்டையிடுதல். வீரன். 'ரிவோல்ட்' என்றால் சுழலுதல். 'நாசியா' என்றால் கப்பல். 'அவெர்ஷன்' என்றால் திரும்புதல். 'லோத்' என்று ஒரு சொல்லும் இருந்தது, அதன் வேர் மட்டும் மை அப்பி மறைந்துவிட்டது. (அந்த மைக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.) ஒரே வாரத்தில் அத்தனையும் மனப்பாடம். அகராதி பார்க்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பரிதாபமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் மாமாவின் தலையில் இடி விழுந்தது. பல வருஷமாக அவரிடம் பம்ப் வாங்கிக்கொண்டிருந்த கம்பெனி நிறுத்திவிட்டது. தெய்வாதீனமாக இங்கிலாந்திலிருந்து ஒரு கம்பெனி சாம்பிள் பம்ப் பார்த்துவிட்டு, நேரில் ஆள் அனுப்புகிறோம் என்று எழுதியது. வருகிற அம்மாள் பேர் மார்க்ரெட். பட்டறையைப் பார்த்து, பிடித்திருந்தால் அன்றைக்கே ஆர்டரில் கையெழுத்துப் போட்டுவிட்டு சாயங்கால விமானத்தில் போய்விடுவார். "இது கெடைக்கலீன்னா பட்டறையப் பூட்டிப்போட்டு ஷெட்ட குடோனுக்கு உட்டற வேண்டியதுதான்" என்று மாமா சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார். பதினாறு பேருக்கும் என்ன பதில் சொல்வது என்று கேட்டுவிட்டு, பாதியில் கை கழுவிவிட்டார்.

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். "கவலைய உடுங்க மாமா. வரவேற்பு ஸ்பீச் நான் பாத்துக்கறேன்."

"மாப்ளே, இங்கிலீசு தப்பில்லாம வருமா?"

"தப்பா? அந்தம்மாவே கேட்டிராத சொல்லெல்லாம் வருமுங்க மாமா" என்றேன். இதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

எனக்கு இன்னொரு கொள்கையும் இருந்தது. நம் பேச்சில் 'ங்க' போட்டால் மரியாதை. இங்கிலீஷில் ங்க கிடையாது. அப்படியானால் அவர்கள் மரியாதையை எங்கே வைப்பார்கள்? சொல்லின் நீளத்தில்தான். லைக் என்பது ங்க போடாத பேச்சு. அப்ஹார் என்பது ங்க போட்ட பேச்சு. இதை மாமாவுக்கு விளக்கினேன். மனுஷன் கண் கலங்கிவிட்டார்.

மாமா மகள் காயத்ரி பி.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தாள். முதல் நாள் சாயங்காலம் வந்து, "மச்சான், காட்டுங்க, நான் ஒருக்கா பாத்தர்றேன்" என்று கையை நீட்டினாள்.

"இதெல்லாம் வேர் வரைக்கும் போய் எழுதுனது. சயின்ஸ் படிக்கறவங்களுக்குப் புரியாது."

"சரிங். ஆனா ஒண்ணு, வேரத் தோண்டுனா மரம் சாஞ்சு போயிரும், பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். பொறாமை என்று நினைத்தேன்.

போதாக்குறைக்கு, அந்தம்மா பேச்சுக் கொடுத்தால் முழிக்கக் கூடாதே என்று பட்டறை ஆட்களுக்கும் ஆளுக்கொரு சொல் கற்றுக்கொடுத்தேன். ஃபோர்மேன் பொன்னுசாமி அண்ணனுக்கு ரிலக்டன்ட். அத்தைக்கு டிஸ்கஸ்டிங். அத்தை அடுப்படியில் நாள் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிப் பழகினார்.

அந்த நாள் வந்தது. பட்டறை வாசலில் பந்தல், ரோஜா மாலை, இளநீர். தொட்டியில் ஒரு பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. மார்க்ரெட் அம்மாள் ஐம்பது வயதுக்காரர், சாந்தமான முகம். காயத்ரிக்கு அன்று காலேஜ், மத்தியானம்தான் வருவாள். இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள் நான். அதாவது, தெரியாது என்பதே தெரியாத ஒரே ஆள்.

மைக்கைப் பிடித்தேன். "ரெஸ்பெக்டட் மேடம்! வீ ஆல் அப்ஹார் யூ!"

(உங்களைப் பார்த்து எங்களுக்கெல்லாம் புல்லரிக்கிறது. நான் நினைத்தது இது. அவர் காதில் விழுந்தது: உங்களை நாங்கள் எல்லோரும் அடியோடு வெறுக்கிறோம்.)

பதினாறு பேரும் கைதட்டினார்கள். முதல் வரி முடிந்ததும் தட்ட வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தேன். அந்தம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது. உச்சரிப்பு புரியவில்லை போலிருக்கிறது என்று, இன்னும் சத்தமாக, நிறுத்தி நிறுத்தி, இரண்டாம் முறையும் சொன்னேன். போதாமல் சட்டைக் கையைச் சுருட்டி, முழங்கையை நீட்டி, சிலிர்த்து நின்ற முடியையும் காட்டினேன்.

"யூ ஆர் எ நாசியேட்டிங் லேடி!" கப்பல் கடந்து வந்த பெண்மணி. (வந்தது விமானத்தில்தான். ஆகாயக் கப்பலும் கப்பல்தானே என்று எழுதிவிட்டேன்.) அவர் காதில்: உங்களைப் பார்த்தால் குமட்டுகிறது.

அடுத்தது மாமா. தரத்துக்காகச் சண்டை போடுகிறவன் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி அவரே கேட்டிருந்தார். "அவர் ஓனர் மிஸ்டர் ரங்கசாமி இஸ் தி மோஸ்ட் ரிபக்னன்ட் மேன் இன் சிங்காநல்லூர்!" சிங்காநல்லூரிலேயே மிக அருவருப்பான மனிதர் எழுந்து நின்று மூன்று பக்கமும் கும்பிட்டார்.

"அவர் பம்ப்ஸ் ஆர் ரிவோல்டிங்! மார்னிங் ரிவோல்டிங், ஈவ்னிங் ரிவோல்டிங்! ஈவன் இன் லோ வோல்டேஜ், தே ஆர் ரிவோல்டிங்!" பம்ப் நிற்காமல் சுழலும் என்றேன் நான். பார்த்தாலே முகம் சுளிக்க வைக்கும் என்று கேட்டார் அவர். தலையைத் திருப்பி, தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த பம்பை ஒரு பார்வை பார்த்தார். அது பாவம், தன் பாட்டுக்குத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

அதுவரைக்கும்கூடப் போகட்டும். "அவர் ஒர்க்கர்ஸ் ஒர்க் வெரி ரிலக்டன்ட்லி! போனஸ் ஃபார் தி மோஸ்ட் ரிலக்டன்ட்!" என்றேன். ஆட்கள் மல்லுக்கட்டி வேலை செய்கிறார்கள் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு. அவர் காதில்: இங்கே யாருக்கும் வேலை செய்ய இஷ்டமே இல்லை. அந்தம்மா பையிலிருந்து நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். என் இங்கிலீஷைக் குறித்துக்கொள்கிறார் என்று எனக்கு உச்சி குளிர்ந்தது.

"ப்ளீஸ் ஈட் அவர் டிஸ்கஸ்டிங் லஞ்ச். அட் லாஸ்ட், வீ ப்ரே ஃபார் யுவர் அவெர்ஷன்!" மீண்டும் திரும்பி வர வேண்டும் என்று நான் கும்பிட்டு வேண்டிக்கொண்டது அவர் காதில் விழுந்தது, அவர் எங்களை வெறுக்க வேண்டும் என்று.

கைதட்டல் ஓய்ந்தது. அந்தம்மா மாமாவைப் பார்த்து மெதுவாக, இந்தப் பையன் சொன்னதெல்லாம் உங்களுக்கும் சம்மதம்தானா என்று இங்கிலீஷில் கேட்டார்.

மாமா நெஞ்சில் கை வைத்தார். "ஹண்ட்ரட் பர்சென்ட் மேடம்! ஆல் மை ஃபீலிங்!"

ஆட்களிடம் தனியாகப் பேச வேண்டும் என்றார் அந்தம்மா. நேராகப் பொன்னுசாமி அண்ணனிடம் போய், நீங்கள் ரிலக்டன்டாகத்தான் வேலை செய்கிறீர்களா என்று கேட்டார். தான் படித்த சொல்லே கேள்வியாக வந்ததும் அண்ணன் முகத்தில் ஆயிரம் வாட்ஸ் வெளிச்சம்.

"எஸ் மேடம்! டெய்லி! மை ஃபாதர் ஆல்சோ ரிலக்டன்ட்!"

அந்தம்மா முகம் வெளுத்துவிட்டது. ஓரமாகப் போய் நின்று போனில் ஏதோ தட்டி அனுப்பினார். பிறகு மாமாவிடம் வந்து, இஷ்டமில்லாதவர்களை வைத்து வேலை வாங்கும் இடத்தில் எங்கள் கம்பெனி பொருள் வாங்காது, கையெழுத்துப் போட முடியாது, ஆபீஸுக்கும் சொல்லிவிட்டேன் என்றார். அந்த நீள இங்கிலீஷில் மாமாவுக்குப் புரிந்தது 'நோ', 'சைன்' என்ற இரண்டு சொல்தான். அது போதுமே.

"மாப்ளே, அந்தம்மாளுக்கு என்னத்தச் சொல்லிப்போட்டே?" என்று என்னிடம் திரும்பினார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். குரல் உடைந்து போயிருந்தது. எல்லாம் நல்லதுதான் சொன்னேன் மாமா என்றேன். நிஜமாகவே அப்போதும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

விமானத்துக்கு நேரமிருந்தது. வந்தவரைச் சாப்பிடாமல் அனுப்புகிற பழக்கம் அத்தைக்குக் கிடையாது. ஆர்டர் போனாலும் சரி, பட்டறை போனாலும் சரி, இலை போட்டாகிவிட்டது. சேவை மாதிரி பிழிந்த சந்தகை, தேங்காய்ப் பால், நெய் மிதக்கும் அரிசிம்பருப்புச் சோறு. அந்தம்மா வேண்டாம் என்று கையை ஆட்ட ஆட்ட, "ஏனம்மணி, கூச்சப்படாதீங்க, நெம்ப டிஸ்கஸ்டிங்! சாப்புட்டுப் பாருங்க, டிஸ்கஸ்டிங்!" என்று அத்தை கரண்டி கரண்டியாக வைத்தார். அந்தம்மா மிரண்டு போய் ஒரு வாய் எடுத்து வைத்தார். அப்புறம் இன்னொரு வாய். அப்புறம் குழம்பிப் போய் அத்தை முகத்தையே பார்த்தார். சோறு ஒன்று சொன்னது, அத்தை வேறொன்று சொன்னார்.

அந்த நேரத்தில் காயத்ரி உள்ளே வந்தாள். தன் அம்மா ஒரு வெள்ளைக்காரியைப் பார்த்து டிஸ்கஸ்டிங் என்று கூவிக்கொண்டிருந்ததைக் கேட்டு வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். பிறகு என் சட்டைப் பையிலிருந்து ஜெராக்ஸையும் ஸ்பீச் எழுதிய தாளையும் உருவினாள். இரண்டையும் படித்தாள். அவளுடைய உதடு துடித்தது.

"மச்சான், பொருள் எங்க?"

"கட்டாயிருச்சு. பரவால்லீங்கன்னு சொல்லிப்போட்டேன்."

"அட சாமி! இந்தப் பாடம் பூராவுமே அருவருப்பும் வெறுப்பும் தயக்கமுந்தானுங்க! ஒண்ணுகூட நல்ல வார்த்தை இல்லீங்க! அப்பா, மச்சான் உங்கள அசிங்கம் புடிச்ச ஆளுன்னு மைக்குல சொல்லியிருக்காரு!"

மாமா என்னைப் பார்த்தார். "கைதட்டல் வாங்கிக் குடுத்தயேடா" என்றார்.

காயத்ரி அந்தம்மா பக்கத்தில் உட்கார்ந்து, ஜெராக்ஸை விரித்து, ஒவ்வொரு வேரையும் காட்டி, அதற்கு நான் பண்ணிக்கொண்ட அர்த்தத்தையும் என்னிடம் கேட்டுக் கேட்டுச் சொன்னாள். அன்றைக்குத்தான் எனக்கும் விளங்கியது. லத்தீன்காரனுக்கு மயிர் சிலிர்த்தது பயத்திலும் வெறுப்பிலும், அதனால் அப்ஹார். நமக்குச் சாமியைக் கண்டால் சிலிர்க்கும். அவன் சுவையிலிருந்து தள்ளிப் போனதால் டிஸ்கஸ்ட். கப்பலேறியவனுக்குக் குமட்டியதால் நாசியா. வேலை செய்யச் சொன்னால் மாட்டேன் என்று மல்லுக்கட்டியதால் ரிலக்டன்ட். அவெர்ஷனில் முகம் திரும்புவது நம் பக்கமல்ல, அந்தப் பக்கம். வேரெல்லாம் சரியாகத்தான் படித்திருந்தேன். ஒவ்வொன்றிலும் எதிர்ப்பக்கம் ஏறிப் போயிருந்தேன்.

முழங்கை முடியை ஏன் காட்டினேன் என்ற விளக்கம் வந்த இடத்தில் அந்தம்மா வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. பிறகு பொத்தியும் பயனில்லை, கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தார். பொன்னுசாமி அண்ணனின் அப்பா கதைக்கு வந்தபோது இலையில் நெற்றி முட்டாத குறைதான். எனக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

ஆனால் கையெழுத்து ஆகவில்லை. ஆபீஸுக்குச் செய்தி போய்விட்டது, அவர்களிடம் பேசாமல் ஒன்றும் செய்ய முடியாது, எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு பம்பையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். மாமா வாசல்வரை போய்க் கும்பிட்டுவிட்டு வந்து, பந்தல் நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் தானே மடக்கிவைத்தார். உதவிக்குப் போனேன். "நீ இருடா, போதும்" என்றார்.

பத்து நாள். மாமா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். நான் காலையில் எல்லோருக்கும் முன்னால் பட்டறைக்குப் போய்க் கூட்டிப் பெருக்கினேன். யாரோடும் இங்கிலீஷில் ஒரு வார்த்தை பேசவில்லை. பஸ்ஸில் டிக்கெட் என்று சொல்லக்கூட வாய் கூசியது. பொன்னுசாமி அண்ணன் மட்டும், "உடு தம்பி, எங்கப்பன் நெசமாலுமே சோம்பேறிதான்" என்று ஆறுதல் சொன்னார்.

பதினோராம் நாள் மெயில் வந்தது. எல்லோரையும் நிற்க வைத்துக் காயத்ரி படித்தாள். படிக்கப் படிக்க அவள் குரல் இறங்கியது. எங்கள் டைரக்டர்கள் உங்கள் பம்பை ஓட்டிப் பார்த்தார்கள். அது முற்றிலும் ரிவோல்டிங் என்று எல்லோரும் ஒரே மனதாகச் சொன்னார்கள். நாங்கள் அதை அப்ஹார் செய்கிறோம். உங்கள்மேல் எனக்குள்ள ஆழ்ந்த அவெர்ஷனைத் தெரிவித்துக்கொள்கிறேன். அவ்வளவுதான். கீழே கையெழுத்து.

"போச்சா கண்ணு?" என்றார் மாமா.

"தெரியலீங்கப்பா. நெசமான இங்கிலீசுன்னா போச்சு. மச்சான் இங்கிலீசுன்னா கெடைச்சிருச்சு."

கேட்டு எழுதலாமே என்றேன். எல்லோரும் என்னை முறைத்தார்கள். ஒருத்தரிடம் போய், நீங்கள் சொன்னது ஆமாவா இல்லையா என்று முகத்துக்கு நேராகக் கேட்பதா? எங்கள் ஊரில் அது அடிதடிக்குச் சமம். பெண் பார்க்க வந்தவர்களிடமே 'யோசிச்சுச் சொல்றோமுங்க' என்று சொல்லி ஆறு மாதம் ஓட்டுகிற ஜனம். மத்தியானம் வரைக்கும் மெயிலை ஆளுக்கொரு தடவை படித்துப் பார்த்தோம். இங்கிலீஷ் தெரியாதவர்களும் வாங்கிப் பார்த்தார்கள். கடைசியில் மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பதினாறு பேரைப் பார்த்தார். காயத்ரியை நம்பர் போடச் சொன்னார். ஸ்பீக்கரில் அந்தம்மா குரல் கேட்டது.

"ஹலோ மேடம். ரங்கசாமி. ரிபக்னன்ட். சிங்காநல்லூர்."

அந்தப் பக்கம் ஒரு சத்தம். இருமலா சிரிப்பா தெரியவில்லை.

"மேடம், ஒன் டவுட். யுவர் லெட்டர் மீனிங்..." மாமா மூச்சை இழுத்துவிட்டார். "டிக்‌ஷனரியா, மாப்ளையா?"

மாப்ளே மாப்ளே என்று மாமா என்னைக் கூப்பிட்டதை அந்தம்மா அன்று முழுக்கக் கேட்டிருந்தார். "மாப்ளை, மிஸ்டர் ரங்கசாமி!" என்றார். "ஒன்லி மாப்ளை!" ஐந்நூறு பம்புக்கு ஆர்டர் அன்று சாயங்காலமே தனியாக வந்துவிடும் என்றும் சொன்னார்.

மாமா ஸ்டூலில் உட்கார்ந்து துண்டை முகத்தில் அழுத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. அத்தை அவர் முதுகைத் தடவிக்கொண்டே அழுதார். நானும் அழுதேன், எனக்கு அழ என்ன உரிமை இருக்கிறது என்று தெரியாமலே. சாயங்காலம் வந்த ஆர்டரின் கடைசியில் ஒரு நிபந்தனை இருந்தது: இனிமேல் கடிதப் போக்குவரத்து எல்லாம் மிஸ். காயத்ரி மூலமாக மட்டும்.

அன்றிலிருந்து எங்கள் சொந்தபந்தத்தில் யார் எதை மழுப்பிச் சொன்னாலும் அந்தக் கேள்விதான். சம்பந்தி வீட்டுக்காரர், "வந்தா பாக்கலாமுங்க" என்றால், டிக்‌ஷனரியா, மாப்ளையா? அத்தை, "எனக்கென்ன கோவம், ஒண்ணுமில்ல" என்றால், டிக்‌ஷனரியா, மாப்ளையா? பெருந்துறையில் இருக்கும் பெரியம்மா வீட்டில் இங்கிலீஷே தெரியாதவர்கள்கூடக் கேட்கிறார்கள்.

இரண்டு வருஷம் கழித்து, எனக்கும் காயத்ரிக்கும் பேசி முடிக்கலாமா என்று பெரியவர்கள் கூடினார்கள். (பேங்க் பரீட்சையை நான் அதற்குள் கைகழுவிவிட்டு, பட்டறையில் பம்புக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன்.) மாமா தன் மகளைக் கூப்பிட்டு, உனக்குச் சம்மதமா கண்ணு என்று கேட்டார். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஐ அப்ஹார் ஹிம்" என்றாள்.

மாமா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "டிக்‌ஷனரியா கண்ணு, மாப்ளையா?"

அவள் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு தட்டை மாற்றிவிட்டார்கள். கல்யாணமாகிப் பதினொரு வருஷம் ஆகிறது. நானும் வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்டுப் பார்க்கிறேன். இன்னும் பதில் சொல்லவில்லை.